சிரிப்பு வந்தால் மூவர் கலந்து பேசவும்

மேற்பார்வை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டு வார்த்தை என்றால் ஒரு மணி நேரம் என்பது பிறகுதான் தெரிந்தது. மைக் முன்னால் நின்றால் எனக்கு என் பெயரே மறந்துவிடும். படித்தது ஐந்தாம் வகுப்பு. அந்த ஐந்து வருடமும் கடைசி வரிசையில் வாத்தியார் கண்ணில் படாமல் உட்காரப் பழகியவன், இன்னும் அப்படியேதான் உட்காருகிறேன். அதனால் எழுதித் தருகிறேன், யாராவது வாசியுங்கள் என்று சொல்லிவிட்டேன். எழுதும்போது யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஐம்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொண்டால் கோவில்பட்டியில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். வேலை போதும் என்று சொன்னது என் நெஞ்சு. தீப்பெட்டி ஆலையில் சூப்பர்வைசராக இருந்து விழுங்கிய இத்தனை வருட மருந்துப் புகைக்கு அது கொடுத்த ராஜினாமாவை நான் ஏற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

நேற்று உங்களுக்கு வகுப்பு எடுத்தவர் திரையில் நான்கு கட்டம் போட்டுக் காட்டினார். சில முடிவைத் தலைவர் தனியாக எடுக்க வேண்டும். சிலவற்றை நாலு பேரைக் கேட்டு எடுக்க வேண்டும். சிலவற்றை எல்லாரும் சேர்ந்து எடுக்க வேண்டும். சிலவற்றை வேலை செய்கிறவர் கையிலேயே விட்டுவிட வேண்டும். கடைசி நாற்காலியில் இருந்து நானும் பார்த்தேன். படத்தில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் எந்தச் சமயத்துக்கு எந்தக் கட்டம் என்பதற்குப் படத்தில் ஒரு சின்ன அம்புக்குறிதான் இருந்தது. அந்த அம்புக்குறி எங்கள் ஆலையில் ஒரு காலத்தில் தலைகீழாக நின்றது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். எங்கள் முதலாளியிடம் முன்கூட்டியே கேட்டேன். "பேரு போடாம எழுதும்வே" என்றார். போடவில்லை.

முதலில் ஒரு சொல்லைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் தீப்பெட்டி ஆலைக்குள் தீ என்ற சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை. பெட்டிக்குள் குச்சி அடைக்கும்போது தலைமருந்து உரசி, எப்போதாவது ஒரு பெட்டி கையிலேயே புஸ்ஸென்று பற்றிக்கொள்ளும். அதைப் பற்றியது என்றும் சொல்லக் கூடாது, எரிகிறது என்றும் சொல்லக் கூடாது. "ஏட்டி, ஒம் பெட்டி சிரிக்குது" என்பார்கள். பக்கத்தில் இருப்பவள் ஈரச் சாக்கை எடுத்து அமுக்குவாள். சிரிப்பு அடங்கிவிடும், வேலை தொடரும். பெயர் சொன்னால் கூப்பிட்டதாக நினைத்து அது வந்துவிடும் என்பது நம்பிக்கை. எரிகிற சுடரை லேபிளில் படமாகப் போட்டு நாடு முழுக்க விற்போம், வாயால் மட்டும் சொல்ல மாட்டோம். இதில் அறிவு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.

எங்கள் முதலாளி பட்டம் படித்தவர். நல்ல மனிதர். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் படிக்கிறவர்களுக்கு அது தெரியாமல் போகலாம்.

ஆரம்பத்தில் அவர் எல்லா முடிவையும் தானே எடுப்பவராக இருந்தார். மின்விசிறி எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதுவரை அவர்தான் சொல்ல வேண்டும். ஒருமுறை திருச்செந்தூருக்குச் சாமி கும்பிடப் போயிருந்தார். கழிப்பறைக்கு ஃபினாயில் வாங்கலாமா என்று மேனேஜர் போன் போட்டுக் கேட்டார். சாமிக்கு எதிரே நின்றுகொண்டு முதலாளி வாங்கச் சொன்னார், எந்த வாசனை என்பதையும் சேர்த்து. மேனேஜர் வேறு யாருமில்லை, அவருடைய மச்சினர்தான். இந்த ஆலையில் அவர் சொந்தமாக எடுத்த ஒரே முடிவு மதியச் சாப்பாட்டுக்கு எப்போது போவது என்பது. அதைத் தினமும் தவறாமல் எடுத்தார்.

அப்புறம் முதலாளி மதுரையில் ஒரு குளிர்சாதன ஓட்டலில் நடந்த பயிற்சிக்குப் போய்வந்தார். சட்டையில் குத்திய பெயர்ப் பட்டையைக் கழற்றாமலே ஆலைக்குள் வந்தார். எல்லாரையும் முற்றத்தில் நிற்கவைத்து, இனிமேல் இங்கே ஒற்றை ஆள் முடிவு கிடையாது, எதுவானாலும் கலந்து பேசித்தான் என்று அறிவித்தார். பெண்கள் கைதட்டினார்கள். வெயிலில் நிற்கும்போது எதற்காவது கைதட்டினால் சீக்கிரம் நிழலுக்குப் போகலாம்.

ஒரு குழு அமைந்தது. முதலாளி, மச்சினர், நான். நான் எப்படி உள்ளே வந்தேன் என்றால், எதிர்த்துப் பேசாத ஒரு தொழிலாளர் பிரதிநிதி தேவைப்பட்டார். குழு நடந்த விதம் இது: முதலாளி ஒன்றைச் சொல்வார். "அத்தான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார் மச்சினர். நான் தரையைப் பார்ப்பேன். இதற்கு ஒருமித்த கருத்து என்று பெயர். முன்பு ஒரு நிமிடத்தில் எடுத்த அதே முடிவை இப்போது காரச்சேவும் தேநீருமாக ஒரு மணி நேரத்தில் எடுத்தோம். காரச்சேவு மட்டும்தான் புதிதாக வந்த கருத்து.

அந்தச் சமயத்தில் ஒரு பெட்டி சிரித்தபோது பக்கத்தில் இருந்த ஒரு பெண் பதற்றத்தில் மணல் வாளியைக் கவிழ்த்து, அடைத்து வைத்திருந்த பெட்டிகளையும் பாழாக்கிவிட்டாள். ஒற்றை ஆளின் அவசர முடிவு நிறுவனத்துக்கு நட்டம் என்று பயிற்சியில் சொன்னது முதலாளிக்கு நினைவு வந்தது. உடனே குழு கூடியது. அடைப்புக் கூடத்தில் ஒரு தகரப் பலகை மாட்டுவது என்று தீர்மானம். எழுதுகிறவர் வந்து பெயிண்ட் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு என்ன எழுத என்று கேட்டார். "தீப்பற்றினால்" என்று முதலாளி ஆரம்பித்ததும் மச்சினர் பதறிப்போனார். அந்தப் பெயரையா ஆலைக்குள் எழுதி மாட்டுவது? முதலாளிக்கும் திக்கென்றது. மறுபடி கலந்து பேசினோம். கடைசியில் சிவப்பு எழுத்தில் இப்படி வந்தது:

சிரிப்பு வந்தால் மூவர் கலந்து பேசி முடிவெடுக்கவும். இவண், நிர்வாகம்.

எழுதி முடித்தவர் தள்ளி நின்று அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, உள்ள என்ன வேலதான் நடக்கு?" என்று கேட்டார்.

பலகையை எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் மாட்ட வேண்டும் என்றார் முதலாளி. அப்படிப்பட்ட இடம் ஒன்றுதான் இருந்தது, நடுச்சுவரில் இருந்த பெரிய ஆணி. அதில் ஈரச் சாக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. சாக்கைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் போட்டுவிட்டுப் பலகையை அங்கே மாட்டினோம். மூன்று பேரும் தள்ளி நின்று, நேராக இருக்கிறதா என்று பார்த்தோம். நேராகத்தான் இருந்தது.

இப்போது செல்லத்தாயைச் சொல்ல வேண்டும். அடைப்புக் கூடத்தில் ஒரு வரிசைக்குத் தலைவி அவள். விளாத்திகுளம் பக்கத்து மானாவாரி ஊரிலிருந்து ஆலை வேனில் வருகிறவள். எனக்குக் கொடுக்க வேண்டிய வாயையும் சேர்த்து அவளிடம் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன். தினமும் காலையில் வந்ததும் தொட்டித் தண்ணீரில் சாக்கை முக்கிப் பிழிந்து ஆணியில் போடுவது அவள்தான். யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளும் யாரிடமும் கேட்கவில்லை.

முறைப்படுத்த வேண்டும் என்றார் முதலாளி. சாக்கு நனைப்பதற்கு ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும், நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் யாரைக் கேட்பது? அந்த விஷயம் அடுத்த கூட்டத்துக்குப் போனது. அதற்கடுத்த கூட்டத்துக்கும் போனது. முடிவாகும்வரை யாரும் தன்னிச்சையாகச் சாக்கைத் தொட வேண்டாம் என்று நான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

"சாக்க நனைக்கதுக்கும் மகாநாடா அண்ணே?" என்றாள் செல்லத்தாய். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள்.

தானாக நடந்துகொண்டிருக்கும் வேலைக்குப் பொறுப்பாளர் தேடுகிற வழக்கம் உங்கள் ஆலையிலும் இருக்கலாம். தேடத் தொடங்கிய அன்றே வேலை நின்றுவிடும். ஆள் கிடைப்பதற்குப் பல நாள் ஆகும்.

இதற்கு நடுவில், உண்மையிலேயே நாலு பேரைக் கேட்டுச் செய்ய வேண்டிய காரியம் ஒன்று வந்தது. வேலை தொடங்கும் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினால் வெயிலுக்கு முன் நிறைய வேலை முடியும் என்று முதலாளிக்குக் குளிக்கும்போது தோன்றியிருக்கிறது. தலையைத் துவட்டுவதற்குள் வாட்ஸ்அப்பில் உத்தரவு வந்துவிட்டது. கலந்து பேச வேண்டாமா என்று மச்சினரே கேட்டுவிட்டார், பாவம், அவர் அதை நம்ப ஆரம்பித்திருந்தார். "இது நிர்வாக விசயம்லா" என்றார் முதலாளி.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிக்கிற தண்ணீர் குழாயில் விடியற்காலையில் வரும். அந்த நேரத்துக்குக் குடத்தோடு ஆள் நிற்காவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் உலை வைக்க முடியாது. வேன் பாதி காலியாக வந்தது. வெயிலுக்கு முன் நிறைய வேலை முடிவதற்குப் பதிலாக, வெயில் ஏறிய பிறகு பாதிப் பேர் பேருந்தில் வந்து இறங்கினார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பழைய நேரத்துக்கே திரும்பினோம். பனிக்காலத்தை முன்னிட்டு நேரம் மாற்றப்படுகிறது என்று அறிவிப்பு வந்தது. கோவில்பட்டியில் பனிக்காலம் எது என்று யாரும் கேட்கவில்லை. வேனில் வருகிற ஒரே ஒரு பெண்ணிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால் அந்த வாரம் மிச்சம். செய்யப்போகிறவர்கள் அவர்கள், நமக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும், அவசரமும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் வாயைத் திறந்து கேளுங்கள். முதலாளி அங்கேதான் வாயை மூடிக்கொண்டார்.

வேறொரு காரியத்துக்கு மட்டும் குழு சளைக்காமல் கூடிக்கொண்டிருந்தது. பெண்களுக்குக் கொடுக்கப்போகிற மேலங்கிக்கு என்ன கலர்? முதலாளிக்கு மிளகாய்ச் சிவப்பு. மச்சினருக்கு முதல்முறையாகச் சொந்தக் கருத்து பிறந்திருந்தது, ஆகாய நீலம். புதியம்புத்தூரிலிருந்து ஒரு தையல்காரர் துணி மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு வாராவாரம் வந்து போனார். போட்டுக்கொள்ளப்போகிறவர்களிடம் யாரும் கேட்கவில்லை. நான் தற்செயலாகச் செல்லத்தாயிடம் சொன்னபோது, கலர் எதுவானாலும் பரவாயில்லை, கையை மேலே சுருட்டிக்கொள்கிற மாதிரி தைத்தால் போதும், நீளக் கை மருந்தில் உரசும் என்றாள். அதை நான் கூட்டத்தில் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். சொன்னேன். கலர் முடிந்த பிறகு கைக்கு வருவோம் என்றார்கள்.

அப்படி ஒரு கலர் கூட்டம் நடந்துகொண்டிருந்த முற்பகலில்தான் அது நடந்தது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் அலுவலக அறையில் நாங்கள் மூன்று பேரும், அதாவது பலகையில் எழுதியிருக்கிற அந்த மூவரும், சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் இருந்தோம். அடைப்புக் கூடத்தில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் கையில் பெட்டி சிரித்தது. பயத்தில் அவள் அதைக் குச்சித் தட்டின் மேலேயே போட்டுவிட்டாள். தட்டு முழுக்கச் சிரித்தது. தட்டுக்குப் பின்னால், அன்று மதியம் லாரியில் ஏற வேண்டிய பண்டல்கள் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

செல்லத்தாய் எழுந்து ஆணிக்குக் கையை நீட்டினாள். கையில் பலகை வந்தது. கதவுக்குப் பின்னால் ஓடிச் சாக்கை எடுத்தாள். அது அப்பளம் மாதிரிக் காய்ந்து கிடந்தது. போன் செய்யலாம் என்றால் போனெல்லாம் வாசல் கூடையில் இருந்தது, அது விதி. மெயின் சுவிட்சை இறக்கினாள். எல்லாரையும் பின்வாசல் வழியாகத் துரத்தினாள். இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் பேரலைச் சாய்த்துத் தட்டின் மேலும் பண்டல்களின் மேலும் அப்படியே கவிழ்த்துவிட்டாள்.

சத்தம் கேட்டு நாங்கள் ஓடியபோது கூடத்தில் புகையும் சகதியும்தான் இருந்தன. ஆட்களில் அந்தப் புதுப்பெண்ணுக்கு மட்டும் மணிக்கட்டில் கொப்புளம். மற்ற எல்லாரும் முற்றத்தில் நின்று இருமிக்கொண்டிருந்தார்கள். நனைந்த தீப்பெட்டி கூழுக்குச் சமம். முதலாளி முதலில் பண்டலைப் பார்த்தார். பிறகு செல்லத்தாயைப் பார்த்தார்.

"யாரக் கேட்டு ஊத்துன?"

அவளுக்கு மூச்சு இரைத்தது. எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தாள்.

"கேக்கணும்னுதான் தேடுனேன் மொதலாளி. மூணு பேரும் கலரு பாத்துக்கிட்டு இருந்தீக."

பின்னால் நின்ற பெண்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். நிஜச் சிரிப்பு. அதுதான் முதலாளியைச் சுட்டது என்று நினைக்கிறேன். அப்போதே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

செல்லத்தாய்க்கு எங்களைவிட்டால் வேறு ஆலை இல்லாமல் இல்லை. சுற்றிலும் ஆலைகள்தான். ஆனால் சரக்கில் தண்ணீர் ஊற்றியவள் என்ற பெயரோடு ஒருத்தி வெளியேறினால் எந்த வாசலும் அவளுக்குத் திறக்காது. முதலாளிமார் எல்லாருக்கும் ஒருவரையொருவர் தெரியும். வீட்டுக்காரர் மழையை நம்பிக் கம்பும் மிளகாயும் போடுகிறவர். மகள் நர்சிங் கடைசி வருடம். அவள் வேனில் ஏறாத நாளில் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் குழு கூடியது. காரச்சேவு இல்லை. அவளை வேலையைவிட்டு நிறுத்தும் காகிதம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. அவளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டாமா என்று மச்சினர் முணுமுணுத்தார். அவள் வந்தால் பேசுவாள் என்றார் முதலாளி. மச்சினர் கையெழுத்துப் போட்டார். காகிதம் என் பக்கம் வந்தது.

வழக்கம்போல் தரையைப் பார்த்தேன். அதுவரை நான் தரையைப் பார்த்தால் சம்மதம் என்று அர்த்தம். ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட முடியாது என்பது அன்றுதான் தெரிந்தது.

"என்னவே, போடும்" என்றார் முதலாளி.

"யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஒரு நிமிசத்துல முடியுத காரியம்."

"மூணு பேரும் கலந்து பேசணும்னுதான போர்டுல இருக்கு."

"அது சிரிச்சா வே."

"சிரிச்சதுனாலதான அண்ணாச்சி இந்தக் காயிதமே வந்திருக்கு."

இவ்வளவையும் நான் தரையிடம்தான் சொன்னேன். என்னைப் பெரிய தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். சட்டென்று சரி என்று சொல்வதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும், அது என்னிடம் இல்லை. கூச்சக்காரனால் நிறுவனத்துக்கு இப்படி ஒரு பயன் உண்டு. அவனிடமிருந்து வேகமாக எதையும் வாங்க முடியாது.

அதற்குப் பிறகு தினமும் அந்தக் காகிதம் என்னிடம் வந்தது. தினமும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சாக்கு ஏன் காய்ந்திருந்தது அண்ணாச்சி? அதைக் காயவிட்டது யார்? பலகையை அந்த ஆணியில் மாட்டச் சொன்னது யார்? பதில் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நான் கேட்டுவிட்டுத் தரையைப் பார்ப்பேன், அவர் காகிதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் இத்தனை நாள் யோசித்திருந்தால் ஆலை சாம்பலாகியிருக்கும். ஒருத்தியின் பிழைப்பைப் பறிப்பதற்கு முன்னால் யோசித்ததால் யாருக்கும் கொப்புளம்கூட வரவில்லை. எங்கள் முதலாளியின் விதி நல்ல விதிதான். அதை அவர் மாட்டிய இடம்தான் தப்பு.

கடைசியில் சலித்துப்போய் அவளை வரச் சொன்னார். வந்தாள். கூப்பிடாமலே அந்தப் புதுப்பெண்ணும் மணிக்கட்டில் கட்டோடு வந்து வாசலில் நின்றாள். சாக்கை வைத்து அமுக்காமல் ஏன் பேரலைக் கவிழ்த்தாய் என்று மச்சினர் விசாரணையைத் தொடங்கினார்.

"சாக்க யாரு நனைக்கணும்னு நீங்க இன்னும் முடிவு பண்ணலியே" என்றாள் செல்லத்தாய்.

மச்சினர் இருமினார். முதலாளி கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு மேசையில் இருந்த காகிதத்தை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார். தோற்றுப்போனதாகவும் தெரியக் கூடாதே. அதனால், எச்சரிக்கையோடு விடுகிறேன், இனிமேல் பலகையில் எழுதியிருக்கிறபடிதான் நடக்க வேண்டும் என்றார்.

"சரி மொதலாளி. போர்டுல உள்ளபடியே நடக்கேன்."

செல்லத்தாய் எதிர்த்துப் பேசினால் பயமில்லை. அவள் ஒத்துக்கொண்டால்தான் பயப்பட வேண்டும்.

கொஞ்ச நாளில் வடக்கேயிருந்து சரக்கு எடுக்கும் வியாபாரிகள் ஆலையைப் பார்க்க வந்தார்கள். முதலாளி அவர்களைக் கூட்டிக்கொண்டு அடைப்புக் கூடத்துக்குள் வந்தார், நான் பின்னால். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவர் கேட்டார். பாதுகாப்பு விதி என்றார் முதலாளி, பெருமையாகத்தான்.

அந்த நேரம் பார்த்துச் செல்லத்தாய் வரிசையில் ஒரு பெட்டி சிரித்தது. ஒரே ஒரு பெட்டி. அதற்குள் அவள் யாரையும் கேட்காமல் மறுபடி சாக்கை நனைத்து மடியிலேயே வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாள், குழு அதைக் கவனிக்கவில்லை. சாக்கைப் பெட்டியின் மேல் போட்டு ஒரு கையால் அமுக்கினாள். சாக்கின் ஓரத்தில் புகை சுருள் சுருளாக வந்தது. மற்றக் கையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரித் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"மொதலாளி, சிரிக்குது."

"சரி, அமுக்கு."

"போர்டுல மூணு பேருன்னு போட்டிருக்கு மொதலாளி. நீங்க ஒண்ணு, சூப்பர்வைசர் அண்ணன் ரெண்டு. மேனேஜர் சாப்பிடப் போயிருக்காக. ஆளனுப்பட்டுமா, இல்ல நீங்க ரெண்டு பேரும் பேச ஆரம்பிக்கீகளா?"

கூடத்தில் ஒரு கை அசையவில்லை. வியாபாரிகள் மட்டும் விஷயம் புரியாமல், மரியாதையாகப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள். சாக்குக்கு அடியில் பெட்டி எப்போதோ அடங்கிவிட்டது என்பது எனக்குத் தெரியும், அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். முதலாளிக்குத் தெரியாது. அவர் புகையைப் பார்த்தார், பக்கத்தில் அடுக்கியிருந்த பண்டலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஏட்டி, அமுக்கித் தொலையேன், யாரையும் கேக்காண்டாம்."

"இன்னைக்கு மட்டுமா மொதலாளி, எப்பவுமா?"

அவர் பலகையைப் பார்த்தார். அதை அவர் நிஜமாக வாசித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

"எப்பவும்" என்றார்.

செல்லத்தாய் சாக்கை எடுத்துக் கரியான பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். "அது அடங்கி நேரமாச்சு மொதலாளி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அடுத்த பெட்டியை எடுத்தாள்.

நீங்கள் யாரும் இதை உங்கள் ஆலையில் செய்து பார்க்க வேண்டாம். அவளுக்கு அந்தப் பெட்டியையும் தெரியும், அந்த முதலாளியையும் தெரியும். ஒன்று தெரியாமல் இருந்தாலும் ஆபத்து.

வியாபாரிகள் போன பிறகு, அந்தப் பலகையைக் கழற்றிவிடச் சொன்னார் முதலாளி. கழற்றினேன். ஆணி சும்மா இருக்கக் கூடாது என்று செல்லத்தாய் எழுந்து வந்து ஈரச் சாக்கை அதில் போட்டாள். பொறுப்பாளர் நியமனம் அத்தோடு முடிந்தது. பலகையைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எங்கே வைக்க என்று முதலாளியிடம் கேட்டேன்.

"எங்கயாவது வையும்வே. அதுக்கும் என்னக் கேக்கணுமா?"

நேற்று திரையில் பார்த்தீர்களே, வேலை செய்கிறவர் கையிலேயே விட்டுவிடுகிற கட்டம், அது எங்கள் ஆலையில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது அந்த நிமிடத்தில்தான். அது எனக்கு வாய்த்தது. நான் பலகையை அலுவலக அறைக்குக் கொண்டுபோய், ஆட்களை நிறுத்தும் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிற மேசைக்கு நேர் எதிரே, நாற்காலியில் உட்காருகிறவர் தலையைத் தூக்கினால் கண்ணில் படுகிற மாதிரி மாட்டினேன். முதலாளி வந்து பார்த்தார். இன்றுவரை கழற்றவில்லை.

அந்தப் பக்கம் வந்தால் போய்ப் பாருங்கள். பலகையை வாசித்துவிட்டுச் சிரிப்பு வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அப்படியே அடைப்புக் கூடத்தையும் எட்டிப் பாருங்கள். பெண்கள் எல்லாரும் வீட்டுக்காரர்களின் பழைய சட்டையைச் சேலைக்கு மேல் போட்டு, கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வேலை செய்துகொண்டிருப்பார்கள். மேலங்கிக்குக் கலர் இன்னும் முடிவாகவில்லை.